பதினான்காம் தேதிப் பக்கம்

கொரட்டூர்
28.7.2025, திங்கட்கிழமை

அன்புள்ள மருமகள் மைதிலிக்கு,

உன் மாமா பால்ராஜ் தன் கையாலேயே எழுதுவது. இங்கே நானும் கௌதமும் நலம். நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் கடிதத்தை அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று எங்கள் முதியோர் எழுத்து வகுப்பு ஜமீலா டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கோயம்புத்தூரில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? சரி. இனி கோபத்துக்கு வருகிறேன்.

நீ கையெழுத்துப் போட்டு வைத்திருக்கும் மன்னிப்புக் கடிதத்தை கௌதம் போனில் காட்டினான். இங்கிலீஷில் இருந்தது. "இன்னாப்பா மொறைக்கற? ஒரு கையெழுத்துதானே. வர்ற திங்கக்கெழம அவ காலேஜ்ல குடுத்துட்டான்னா மேட்டர் ஓவர். எக்ஸாம் எழுத உட்ருவாங்கோ" என்றான். உன் புருஷனுக்கு எல்லாமே சீக்கிரம் ஓவர் ஆக வேண்டும். போனைப் பிடுங்கிக்கொண்டு நேராக ஜமீலா வீட்டுக்குப் போனேன். அவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். பிறகு நானே வாசித்தேன். "மற்ற மாணவிகளின் தகவல்களைத் திருடும் நோக்கத்தோடு விடுதிச் செயலிக்குள் அத்துமீறி நுழைந்தேன்." மைதிலி, அந்த 'நோக்கத்தோடு' என்ற ஒரு சொல்லை எழுத எனக்கு மூன்று நிமிடம் ஆயிற்று. நீ அதைப் படித்துவிட்டுத்தானே கையெழுத்துப் போட்டாய்?

இதைப் போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ அழுவாய், நான் அடங்கிப் போவேன். தாளில் கோபப்பட்டால் குறுக்கே யாரும் பேச முடியாது. இந்தச் சுகம் எழுபத்திரண்டு வயது வரை எனக்குத் தெரியாமல் போயிற்றே! மேலே எழுதியதை இரண்டு தடவை வாசித்துப் பார்த்துக்கொண்டேன். நன்றாகத்தான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை

நேற்று விரல் மரத்துப் போனதால் நிறுத்தினேன். பேனாவை இத்தனை அழுத்தாதே நைனா, தாள் அந்தப் பக்கம் பொத்துக்கினு போவுது என்கிறாள் ஜமீலா. கோபம் மட்டும் ஒரு பொட்டும் குறையவில்லை.

ஆப்பில் ஓட்டையைக் கண்ட அன்று சாயங்காலம் போனில் நீ எவ்வளவு சந்தோஷமாகப் பேசினாய். விடுதி ஆப்பில் மேலே ஓர் எண் வருகிறது, அதில் கடைசி எண்ணை மாற்றினால் போதும், இன்னொரு பெண்ணின் போட்டோ, போன் நம்பர், வீட்டு விலாசம், டாக்டரிடம் போன விவரம் எல்லாம் வந்து நிற்கிறது மாமா என்றாய். டோக்கனைப் பார்க்காமலே கேட்ட சைக்கிளைத் தள்ளிக் கொடுக்கும் ஸ்டாண்டுக்காரன் மாதிரியா என்று கேட்டேன். அதேதான் மாமா, வகுப்பில் இதைத்தான் முதல் பாடமாக நடத்தினார்கள் என்று சிரித்தாய். வகுப்பில் சொல்லிக் கொடுத்த ஓட்டையை அவர்கள் வீட்டுச் சுவரிலேயே கண்டு, நீயே போய் எழுதிக் காட்டினால், காட்டியவள் திருடியா? பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, முப்பத்தொரு வயதில் எம்.டெக் படிக்கப் போனது இந்தப் பெயரை வாங்கவா?

ஒன்று சொல்கிறேன். கௌதமுக்கும் தெரியாதது. நான் வேலை பார்த்த, இரும்புத் தகடு அடிக்கும் அம்பத்தூர் பிரஸ் ஷாப்பை மூடிவிட்டார்கள் என்றுதான் அவனிடம் சொல்லியிருக்கிறேன். மூடவில்லை. என்னைத்தான் அனுப்பினார்கள். பிரஸ்ஸுக்கு முன்னால் கை உள்ளே போகாமல் மறிக்க ஒரு இரும்புத் தடுப்பு இருக்கும். அது ஆடுகிறது என்று சூப்பர்வைசரிடம் இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது வாரம் என் கூட்டாளி வீராசாமிக்கு மூன்று விரல் போயிற்று. மறுநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். "நீ முன்னாடியே சொன்னத எழுதிக்கினோம்யா. ஒரு கைநாட்டு வை" என்றார்கள். மை தொட்டுப் பெருமையாக வைத்தேன். தடுப்பைக் கழற்றியவன் நான்தான் என்று அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. வீராசாமி அதை நம்பினான். சாகும் வரை என்னோடு பேசவில்லை.

எனக்காவது படிக்கத் தெரியாது. உனக்கு என்ன கேடு?

இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்க மாட்டேன்.

புதன்கிழமை

வகுப்பில் ஜமீலா எங்களைத் தினமும் நாலைந்து வரி எழுதச் சொல்வாள். அன்று வீட்டில் நடந்ததை எழுத வேண்டும். மறுநாள் சிவப்பு மையில் டிக் போட்டு, தேதி போட்டுக் கையெழுத்திடுவாள். இன்று என் நோட்டைப் புரட்டினேன். ஜூலை 14 பக்கத்தில் இப்படி இருக்கிறது:

"மருமகள் போன் செய்தாள். காலேஜ் ஆப்பில் பூட்டு சரியில்லை. விடுதித் தோழி ஷர்மிளாவிடம் கேட்டுவிட்டு அவள் எண்ணைப் போட்டுப் பார்த்தாள். அவள் விவரம் வந்தது. உடனே மூடிவிட்டாள். வேறு யாருடையதையும் பார்க்கவில்லை. நாளைக் காலை காலேஜுக்கு எழுதிக் கொடுப்பாள். சாம்பாரில் உப்பு அதிகம்."

கீழே ஜமீலாவின் டிக். 15.7.2025.

யார் எப்போது உள்ளே வந்தார், எதைத் தொட்டார் என்று கம்ப்யூட்டர் தானாகவே எழுதி வைக்கும், அதற்கு லாக் என்று பெயர் என நீதானே சொன்னாய்? இது என் லாக். அவர்களுடைய லாக்கையும் எடுத்து மேசைமேல் வைக்கச் சொல். நீ ஷர்மிளாவின் ஒரு பக்கத்தைத் தவிர வேறு எதைத் தொட்டாய் என்று காட்டட்டும். இதை ஏன் நீ கேட்கவில்லை? பயந்துவிட்டாய். பயப்படலாம். பயத்தில் கையெழுத்துதான் போடக்கூடாது.

நான் குளிக்கப் போன நேரத்தில் கௌதம் இந்தக் கடிதத்தை எடுத்துப் படித்திருக்கிறான். வந்து பார்த்தால் செவ்வாய்க்கிழமைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நோட்டில் ஜூலை 14 பக்கத்தை மட்டும் கிழித்து உனக்கு அனுப்பப் போகிறேன் என்றேன். "கிழிக்காதப்பா, கிழிச்சா எவனும் நம்ப மாட்டான். முழு நோட்டையும் குடு. போஸ்ட்டுல தொலைஞ்சிடும், நானே எத்துக்கினு போறேன்" என்றான். வெள்ளிக்கிழமை ரயில் ஏறுகிறான். அவனை ஒன்றும் திட்டாதே. திட்ட வேண்டியதை நான் திட்டிவிட்டேன்.

நோட்டின் முதல் பத்துப் பக்கம் முழுக்க என் பெயர்தான். கோணல் மாணலாக இருக்கும். காலேஜ்காரர்கள் புரட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே பதினான்காம் தேதிக்கு வரட்டும். நான் புது நோட்டு வாங்கிவிட்டேன். ஆனாலும் அது என் முதல் நோட்டு, பத்திரம்.

நன்றாக இரு, தாயி. நன்றாகப் படி. அந்த மன்னிப்புத் தாளை மட்டும் கொடுத்துவிடாதே. வீராசாமியிடம் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லாமல் போயிற்று.

இப்படிக்கு,
உன் மாமா
ச. பால்ராஜ்
சாட்சி