கவனக்குறைவு

2024 ஆகஸ்ட் 5, திங்கள்

இரண்டாம் ஆண்டு தொடங்கிவிட்டது. சிறப்புக் கல்வி டிப்ளமோவில் இனிமேல் பாதி நாள் நேரடிப் பயிற்சி. எங்கள் பயிற்சி நிறுவனத்தின் பின்பக்கமே சிறப்புப் பள்ளி இருக்கிறது. ஆளுக்கு ஒரு குழந்தை. வருடம் முழுவதும் அந்தக் குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, கவனித்ததை ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். அதற்கான மதிப்பெண் மொத்தமும், பள்ளியையும் சேர்த்து நடத்தும் எங்கள் முதல்வர் ஞானசிகாமணி சார் கையில்.

எனக்கு ஃபர்ஹத். மேலப்பாளையத்துப் பெண். பிறந்தது 2018 டிசம்பர் 14. கோப்பில் ‘அறிவுத்திறன் குறைபாடு, நடுத்தரம். பேச்சு இல்லை’ என்று இருக்கிறது. பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் என் பேனாவைப் பிடுங்கி, என் உள்ளங்கையில் ஒரு மீன் வரைந்தாள். செதில் உட்பட.

முப்பத்துமூன்று வயதில், புருஷனை விட்டு வந்து, அம்பாசமுத்திரத்தில் அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்துகொண்டு படிக்கிறேன். சான்றிதழ் வந்தால் வேலை. வேலை வந்தால் அண்ணி முகத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டியதில்லை. சேர்க்கை நேர்காணலில் ‘சேவை மனப்பான்மை’ என்று சொன்னேன். சுத்தப் பொய்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஒரே மாதிரிப் படங்களைச் சேர்த்து வைக்கும் பயிற்சி. இவளால் மூன்று முடியும் என்று எதிர்பார்த்தேன். ஒன்பதையும் சேர்த்துவிட்டு, கலைத்து, நான் சேர்க்கும்படி என் முன்னால் வைத்தாள். நான் ஒன்றைத் தப்பாக வைத்ததும் என் கையில் ஒரு அடி.

பிறகு சமையலறையில் சாம்பார் வாளி விழுந்தது. பிள்ளைகள் அத்தனை பேரும் துள்ளினார்கள், இரண்டு பேர் அழுதார்கள். ஃபர்ஹத் பாசி கோத்துக்கொண்டிருந்தாள். தலையைக்கூடத் தூக்கவில்லை.

ரெக்கார்டில் ‘கவனக்குறைவு’ என்று எழுதினேன். ஏன் அப்படி எழுதினேன்?

ஆகஸ்ட் 14, புதன்

முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டினேன். விசில் ஊதினேன். தகரத்தைத் தட்டினேன். ஒன்றுமில்லை. என் நிழல் சுவரில் அசைந்ததும் திரும்பிச் சிரித்தாள்.

இவளுக்குக் காது கேட்கவில்லை. அறிவில் குறையில்லை. காதுதான்.

சாரிடம் ஓடினேன். அவர் டீ குடித்துக்கொண்டே கேட்டார்.

“ஏம்மா சுப்ரஜா, நீ என்ன டாக்டரா?”

“இல்ல சார், ஒரு தடவ காது டெஸ்ட்டுக்கு அனுப்பினா...”

“அனுப்பி, காது கேக்கலன்னு வந்துச்சுன்னு வை. நமக்கு அனுமதி அறிவுத்திறன் குறைபாட்டுப் பிரிவுக்கு மட்டுந்தான். பிள்ள வேற பள்ளிக்கூடத்துக்குப் போயிரும். இன்னும் ரெண்டு தல கொறஞ்சா பள்ளிக்கூடத்தையே மூடச் சொல்லுவான். அக்டோபர்ல ஆய்வுக்கு வாராங்க. கோப்புல என்ன இருக்கோ அதுக்குப் பாடம் எழுது. படிச்சு முடிக்கணும்லா நீ?”

கடைசி வரியை அன்பாகத்தான் சொன்னார்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

ஃபர்ஹத்தின் அம்மா ஷமீமைப் பார்த்தேன். என்னைவிடச் சின்னவள். கணவர் சவுதியில், தம்மாமில் இருக்கிறார்.

“டீச்சர், எம்மவ பேசிருவாளா?”

காது பரிசோதனை எப்போதாவது செய்தீர்களா என்று, ஏதோ படிவத்துக்குக் கேட்பதுபோலக் கேட்டேன்.

“கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கா, பேச்சும் வரலன்னுதான் டாக்டர்ட்ட காட்டுனோம். மூளை வளர்ச்சி கம்மின்னுட்டாவ. காதுலல்லாம் ஒண்ணும் வச்சுப் பாக்கல. ஏன் டீச்சர்?”

அந்த ‘ஏன் டீச்சர்’ என் முன்னால் அப்படியே நின்றது.

“சும்மாதான். பேச்சு பைய வரும்” என்றேன்.

“அல்லாஹ் ஒங்களுக்கு நல்லத நாடுவான்” என்றாள்.

செப்டம்பர் 18, புதன்

உள்தேர்வு. ‘பேச்சு வராத குழந்தைக்கு முதலில் சோதிக்க வேண்டியது எது?’ ஐந்து மதிப்பெண். விடை: கேட்கும் திறன். போன வருடம் சாரே சொல்லி எழுதவைத்த குறிப்பு. எழுதினேன். ஐந்துக்கு ஐந்து போட்டிருக்கிறார். பக்கத்தில் ‘நன்று’ வேறு.

அக்டோபர் 9, புதன்

ஆய்வு. புதுச் சீருடை, வாசலில் கோலம். நான் பாடம் நடத்த வேண்டிய குழந்தை ஃபர்ஹத்தான். ‘பந்து எங்கே?’ என்று கேட்டேன். என் உதட்டைப் பார்த்தே பந்தை எடுத்தாள். ‘பூ’ என்றதும் பூ. ஆய்வுக்கு வந்திருந்த அதிகாரி அம்மா, “நல்ல முன்னேற்றம், நல்லா பழக்கியிருக்கீங்க” என்றார். அவரிடம் அங்கேயே சொல்லியிருக்கலாம். இரண்டு எட்டு தூரம்தான். சார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் கைதட்டினார்கள். ஃபர்ஹத் எல்லோர் கைகளையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத் தானும் தட்டினாள்.

நவம்பர் 6, புதன்

இன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

மாற்றுத்திறனாளிகள் தின விழா. ஃபர்ஹத் முன்னால் நின்ற பெண்ணைப் பார்த்துப் பார்த்து அரைத் தாளம் பிந்தி ஆடினாள். எல்லோரும் ரசித்தார்கள்.

பேச வந்தவர் காது மூக்கு தொண்டை டாக்டர். பிறவியிலேயே காது கேட்காத பிள்ளைக்கு உள்ளே கருவி பொருத்தும் அறுவையைப் பற்றிப் பேசினார். “அரசுக் காப்பீட்டுல இலவசமா செய்யலாம். ஆனா ஆறு வயசுக்குள்ள வரணும். தாண்டிட்டா அதுல முடியாது, பலனும் வருஷத்துக்கு வருஷம் கொறையும்.”

ஆறு வயது.

டிசம்பர் பதினாலு. இன்னும் பதினோரு நாள். நான் என்ன செஞ்சிருக்கேன்? என்னத்தச் செஞ்சு வச்சிருக்கேன்?

டிசம்பர் 4, புதன்

சொல்லிவிட்டேன். பள்ளி வாசலில், வேப்பமரத்தடியில். ஷமீம் முதலில் சந்தோஷப்பட்டாள். அதை என்னால் தாங்க முடியவில்லை. “அப்ப எம்மவளுக்கு மூளைல ஒரு கொறையும் இல்லையா? அல்ஹம்துலில்லாஹ்!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வயது விஷயத்தையும் சொன்னேன். பிடி தளர்ந்தது.

“ஒங்களுக்கு எப்பல இருந்து தெரியும்?”

“ஆகஸ்ட்.”

“அன்னைக்குக் காது டெஸ்ட் எடுத்தீங்களான்னு கேட்டீங்களே, அப்பமேவா?”

தலையாட்டினேன். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. பிள்ளையின் பையை என் தோளிலிருந்து கழற்றிக்கொண்டு போனாள்.

டிசம்பர் 10, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். படிவம் எழுத ஆள் வேண்டும் என்பதால் ஷமீம் வேண்டாம் என்று சொல்லவில்லை. தூங்கவைத்து எடுக்கும் சோதனை. வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தபோது பிள்ளை தூங்கவே இல்லையாம். இன்று தூங்கினாள். இரண்டு காதும் அறவே கேட்கவில்லை.

டாக்டர் கோப்பைப் புரட்டினார். இனி ஸ்கேன், தடுப்பூசி, கொஞ்ச நாள் வெளிக்கருவி போட்டுப் பார்ப்பது, பிறகு குழுவின் ஒப்புதல். “நாலு நாள்ல ஒண்ணும் நடக்காதும்மா. மூணு மாசம் முன்னால வந்திருந்தா முடிச்சிருக்கலாம்” என்றார். வெளியே பணம் கட்டிச் செய்துகொள்ள அவர்களுக்கு வழியில்லை.

ஷமீம் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

டிசம்பர் 14, சனி

மழை விடவே இல்லை. ஆற்றில் வெள்ளம், பஸ் இல்லை. நாள் முழுக்க மாடியறையிலேயே இருந்தேன். இன்றோடு ஆறு.

டிசம்பர் 17, செவ்வாய்

ஃபர்ஹத்தின் பெயரை வருகைப் பதிவேட்டில் அடித்துவிட்டார்கள். சார் கூப்பிட்டார்.

“யார்ட்ட கேட்டுச் சொன்ன?”

“ஆகஸ்ட்லயே சொல்லியிருக்கணும் சார்.”

“சொல்லியிருந்தா நீ இங்க இருந்திருக்க மாட்ட. அது ஒனக்கே தெரியும். அதான் நீ சொல்லல. என்னைய மட்டும் கெட்டவனாக்காத.”

அவர் அயோக்கியர். ஆனால் சொன்னதில் பொய் இல்லை.

2025 ஜனவரி 21, செவ்வாய்

ரெக்கார்டில் நடந்தது நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். சாம்பார் வாளி, விசில், சாரிடம் சொன்ன தேதி, ஷமீமிடம் சொல்லாத தேதிகள், எல்லாம். இரண்டு மணி நேரத்தில் திரும்பி வந்தது. சிவப்பு மையில் ‘வேறு குழந்தையைப் பற்றி எழுதவும். 31க்குள்.’

எழுதாவிட்டால் இந்த வருடம் போய்விடும். மதியம் அண்ணனிடம் சொன்னேன். “இன்னொரு வருஷமா?” என்றான். அவ்வளவுதான்.

ஜனவரி 30, வியாழன்

எழுதிவிட்டேன். பாடமே நடத்தாத ஒரு பையனைப் பற்றி நாற்பது பக்கம். எழுத்து முத்து முத்தாக வந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

தேர்ச்சி. முதல் வகுப்பு. ரெக்கார்டுக்கு நூற்றுக்கு எண்பத்தேழு. அண்ணி பாயசம் வைத்தாள்.

நவம்பர் 17, திங்கள்

ஒப்பந்தத்தில் வேலை. ஒன்றியத்தில் ஆறு பள்ளிகளுக்குப் போக வேண்டும். முதல் வாரமே ஏழு பிள்ளைகளைக் காது சோதனைக்கு எழுதி அனுப்பினேன். “வந்ததும் வராததுமா எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு வெரட்டுதீங்க!” என்று ஒரு தலைமையாசிரியை சலித்துக்கொண்டார். ஏழு பேருக்கும் காது நன்றாகக் கேட்கிறது. இதைச் செய்வதால் எனக்கு எதுவும் லேசாகிவிடவில்லை.

2026 ஜனவரி 10, சனி

புது பஸ் ஸ்டாண்டில் ஷமீமையும் ஃபர்ஹத்தையும் பார்த்தேன். பிள்ளை வளர்ந்துவிட்டாள். இரண்டு காதிலும் வெளிக்கருவி. அதில் பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை என்றாள் ஷமீம். காது கேளாதோர் பள்ளியில் சேர்த்திருக்கிறார்களாம். சைகை மொழி படிக்கிறாள். ஷமீமும் கூடப் போய்ப் படித்துக்கொண்டாளாம்.

ஃபர்ஹத் என்னை அடையாளம் கண்டுகொண்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். பிறகு விட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் விறுவிறுவென்று பேசினாள். முகம், புருவம், விரல், எல்லாம் பேசின. எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை.

“என்ன சொல்லுதா?” என்று கேட்டேன்.

“‘டீச்சர் ஏன் அப்புறம் என்னையப் பாக்க வரல’ன்னு கேக்கா.”

ஷமீம் மகள் பக்கம் திரும்பிக் கையால் பதில் சொன்னாள். நீளமான பதில். நடுவில் இரண்டு முறை நிறுத்தி, மறுபடி சொன்னாள். ஃபர்ஹத் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக என் முகத்தைப் பார்த்தாள்.

என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அம்பாசமுத்திரம் பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.