குட்டை வாலு சோத்தாங்கை பக்கம்

அன்புள்ள மகன் தென்னரசுக்கு அம்மா எழுதிக்கிறது. இங்க நான், உங்கப்பா, மருமவ வேணி, உன் பொண்ணு, மாடு ரெண்டு எல்லாரும் சொகமா இருக்கோம், நீயும் அந்தக் கோஸ்டாரிக்காவுல நேரத்துக்குச் சாப்புட்டு சொகமா இருக்கணும்னு மயிலம் முருகனை வேண்டிக்கிறேன். தினமும் போன்ல பேசுறவ எதுக்கு லெட்டர் எழுதுறான்னு நினைப்ப. போன்ல சொன்னா நீ நடுவுல நடுவுல பூந்து கேள்வி கேப்ப, அப்புறம் அழுவ, உன்னைப் பார்த்து வேணி அழுவா, அவ பச்சை உடம்புக்காரி. லெட்டர்ல நான் மட்டும்தான் பேசுவேன், நீ வாயை மூடிக்கினு கேக்கணும். உன்கூட ஓட்டல்ல வேலை செய்யிற வானூர் மாரியப்பன் லீவு முடிஞ்சு வெள்ளிக்கிழமை கிளம்புறானாம், அவன் கையில மல்லாட்டை உருண்டையும் இதையும் கொடுத்து அனுப்புறேன். உருண்டையை முதல்ல தின்னு, அப்புறம் படி.

விஷயம் இதுதான். மழை அன்னிக்கு வேணியை ஆட்டோவுல கூட்டிக்கினு போனோம்னு உன்கிட்ட சொன்னேன் இல்ல, அது பொய். நம்ம மாட்டு வண்டியிலதான் போனோம். பதறாத, தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்கன்னு தெரிஞ்ச பிற்பாடுதான இதைப் படிக்கிற. எதிர்வீட்டு ஆரோக்கியராஜ் எல்லாத்தையும் செல்லுல படம் புடிச்சு வச்சிக்கினு இருக்கான், உனக்கு அனுப்பட்டுமா அனுப்பட்டுமான்னு என் உயிரை எடுக்கிறான், லெட்டர் போய்ச் சேர்ற வரைக்கும் அனுப்பினா உன் செல்லைப் புடுங்கிக் கேணியில போட்டுருவேன்னு சொல்லி வச்சிருக்கேன்.

அதுக்கு முந்தின வாரம்தான் நீ அந்த ஊரு மாட்டு வண்டி ஊர்வலத்தைப் படம் புடிச்சு அனுப்பியிருந்த. சக்கரம் பூரா பூவும் கோலமுமா வர்ணம் அடிச்சிக்கினு, ஆரக்கால் இல்லாம மொத்தக் கட்டையா உருண்டுக்கினு போவுதே, அது. ஒவ்வொரு வண்டிச் சக்கரத்துக்கும் ஒரு சத்தம், அதைக் கேட்டே யாரு வர்றான்னு வூட்ல இருக்கிறவ கண்டுபுடிச்சிடுவாளாம்னு நீ சொன்ன. உங்கப்பா வர்றது தெரிய சக்கரம் எதுக்கு, ஏரிக்கரையில இருமினாலே சோத்தைப் போட்டு வச்சிடுவேன்னு நான் சொன்னேன், மனுசன் ஒரு நாள் பூரா மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கினு இருந்தாரு. ஆனா அந்தப் படத்தை அவரு திரும்பத் திரும்பப் பார்த்துக்கினே இருந்தாரு. நுகத்தடியைக் கழுத்துல வைக்காம கொம்புல கட்டியிருக்காங்களே, மாட்டுக்குத் தலை வலிக்காதான்னு கேட்டாரு. அப்புறம் அவரே, அந்த மாட்டுக்குத் திமில் இல்லியே, பின்ன எங்க வைப்பான்னு சொல்லிக்கினாரு. அமெரிக்காவுல அந்தக் காலத்துல வெள்ளைக்காரங்க குடும்பம் குடும்பமா மாட்டு வண்டி கட்டிக்கினு மாசக்கணக்குல போனாங்க, வழியிலயே புள்ளைகூட பெத்துக்கினாங்கன்னு நீ சொன்ன இல்ல, அதுக்கு நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அந்தச் சிரிப்புக்கு அடுத்த ஞாயித்துக்கிழமையே கை மேல பலன் கிடைச்சிச்சு.

ரெண்டு நாளு விடாத மழை. கரண்டு இல்ல, எந்தச் செல்லுலயும் டவர் இல்ல. ஞாயித்துக்கிழமை விடியறப்போ வேணிக்கு இடுப்பு வலி எடுத்துச்சு, டாக்டரம்மா சொன்ன தேதிக்கு இன்னும் பன்னண்டு நாளு இருக்கு. ஆரோக்கியராஜ் ஸ்கூல் மாடி மேல ஏறி நின்னு எப்படியோ 108க்குப் பேசிட்டான். ஏரித் தண்ணி ரோட்டு மேல போவுது, வண்டி இந்தாண்ட வராது, நாங்க அந்தாண்ட மேட்டுல வந்து நிக்கிறோம், அது வரைக்கும் எப்படியாவது கூட்டிக்கினு வாங்கன்னு சொன்னாங்களாம். ஆட்டோ முங்கிடும், பைக்கு பேச்சே இல்ல. சவுக்குக் கட்டை ஏத்துற நம்ம வண்டிதான் உசரம். உங்கப்பா வைக்கோலைப் போட்டு, அது மேல ஜமக்காளம் போட்டு, தார்ப்பாயைக் கூடாரமாட்டம் கட்டி, வேணியைத் தூக்கி உட்கார வச்சாரு. ஜல்தியா மாட்டைப் பூட்டிக்கினு கிளம்பினோம்.

தண்ணியில இருவது அடி போயிருப்போம். மாடு ரெண்டும் ஒண்ணை ஒண்ணு முட்டுது, ஒண்ணு வெளியில இழுக்குது, இன்னொண்ணு கழுத்தைத் திருப்பிக்கினு பின்னாலயே வருது, வண்டி ரோட்டை வுட்டுப் பள்ளத்துப் பக்கம் சாயுது. அஞ்சு வருஷமா சொன்ன பேச்சு கேக்குற மாடுங்கடா. உங்கப்பா தட்டிக் கொடுக்கிறாரு, கெஞ்சுறாரு, அப்புறம் நான் இருக்கிறதையும் பார்க்காம கெட்ட வார்த்தையில திட்டுறாரு. முழங்கால் தண்ணியில கூடவே நடந்து வந்த ஆரோக்கியராஜ், மாடு தண்ணிக்கு மெரளுதுண்ணே, வுட்டுடு, கட்டில்ல வச்சித் தூக்கிக்கினு போயிடலாம்னான். முன்னால இடுப்பளவு தண்ணி இழுத்துக்கினு ஓடுது, அதுல கட்டிலைத் தூக்கிக்கினு எவன் நிப்பான். வேணி என் கையைப் புடிச்சிருந்த புடியில வளையல் ரெண்டு உடைஞ்சு போச்சு. என் மருமவளும் வண்டியிலயே பெத்துக்கப் போறாளே, வெள்ளைக்காரிக்காவது வழி காஞ்சி கெடந்திருக்கும்னு நினைச்சேன்.

அப்பதான் வேணி வலிக்கு நடுவுல தலையைத் தூக்கி முன்னால பார்த்தா. பார்த்துட்டு, "மாமா, குட்டை வாலு சோத்தாங்கை பக்கம்தான இருக்கும்? இப்போ பீச்சாங்கை பக்கம் ஆடுதே" அப்படின்னா.

அப்புறம்தான் எல்லாரும் வாலைப் பார்த்தோம். மாட்டை மாத்திப் பூட்டியிருக்கு. சோத்தாங்கை மாட்டைப் பீச்சாங்கைல பூட்டினா அது எப்படிடா நடக்கும். மழைக்காக ரெண்டுக்கும் தலையோட சாக்கு போட்டிருந்ததால மூஞ்சி தெரியல, ரெண்டும் வெள்ளை வேற. பின்னால உட்கார்ந்திருந்த புள்ளத்தாச்சிக்கு வாலு மட்டும்தான் தெரிஞ்சிருக்கு, தினமும் தண்ணி காட்டுறவளாச்சே. உங்கப்பாவும் ஆரோக்கியராஜும் தண்ணியிலயே அவுத்து, நான் நுகத்தடியைத் தூக்கிப் புடிச்சிக்க, மாத்திப் பூட்டினாங்க. அவ்வளவுதான். ரெண்டும் திண்டிவனம் சந்தைக்குப் போறாப்பல தலையை ஆட்டிக்கினு நடந்திச்சிங்க, தண்ணி வயித்தைத் தொட்டும் நிக்கல. அந்தாண்ட மேட்டுல 108 பொண்ணு கையை ஆட்டிக்கினு நின்னா பாரு, அவ மூஞ்சியை நான் சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன். திண்டிவனம் பெரியாஸ்பத்திரி போய் முக்கா மணி நேரத்துல உன் பொண்ணு பொறந்துட்டா.

இப்போ உனக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன், ஆரோக்கியராஜ் படத்துல இது இருக்காது, அவன் தண்ணியில இறங்கின அப்புறம்தான் எடுத்தான். மாட்டை மாத்திப் பூட்டினது உங்கப்பா இல்ல, நான். கொட்டாயில தண்ணி ஏறிச்சின்னு உங்கப்பா மாட்டை ஸ்கூல் தாழ்வாரத்துல அவசரத்துக்குப் பக்கம் மாத்திக் கட்டியிருந்தாரு. நம்ம கொட்டாயில எது எந்தப் பக்கம் நிக்குமோ அதே பக்கம் பூட்டிப் பழகின கை, நிக்கிறபடியே ஓட்டிக்கினு வந்து பூட்டிட்டேன். இருவத்தெட்டு வருஷம் வண்டிக்காரனுக்கு வாக்கப்பட்டவளுக்கே இது தெரியாம போச்சு. ஊர்ல எவன் கேட்டாலும் உங்கப்பா, கண்ணு மங்கிப் போச்சுப்பா, நான்தான் மாத்திப் பூட்டிட்டேன்னு சொல்லிக்கினு திரியிறாரு. டீக்கடையில எல்லாரும் ஓட்டுறாங்க, கேட்டுக்கினு இருக்காரு. வூட்டுக்கு வந்தும் என்னை ஒரு வார்த்தை சொல்லல. நான்தான் தாங்காம போன வாரம் வேணிகிட்ட சொல்லிட்டேன். தெரியும் அத்தை, நீங்க பூட்டுறதை நான் பார்த்துக்கினுதான இருந்தேன், வலியில பக்கம் மாறினதைத்தான் கவனிக்கலன்னு சொல்லிட்டுச் சிரிச்சா. அவ சிரிச்ச அப்புறம்தான்டா எனக்குச் சோறு இறங்குது.

அதனால நீ பக்கத்துல இல்லியேன்னு சும்மா சும்மா பொலம்பாத. நீ இருந்திருந்தா மாடு பத்தாம உன்னையும் சேர்த்துத் தேத்த வேண்டியிருந்திருக்கும். வேலையை வுட்டுட்டு வர்றேன்னு கிளம்பாத, சித்திரையில லீவு போட்டு வா போதும். வேணிக்கு ஒடம்பு தேறிக்கினு இருக்கு, பால் நல்லா இருக்கு. புள்ளைக்குப் பேர் யோசிச்சு அனுப்பு, உங்கப்பா ரெண்டு பேர் வச்சிருக்காரு, ரெண்டும் மாட்டுக்குத்தான் நல்லா இருக்கும். குளிருக்குத் தலைக்குத் துணி கட்டிக்கோ. நீயும் உன் குடும்பமும் நோய் நொடி இல்லாம நூறு வருஷம் வாழணும்.

மறந்துடாத, நீ போன் பண்றப்போ புள்ள அழுதா, அப்புறம் பேசுறேன்னு வச்சிட்டுப் போற. இனிமே வைக்காத. ஆஸ்பத்திரி வராண்டாவுல ஈரப் புடவையோட நான், உங்கப்பா, ஆரோக்கியராஜ் மூணு பேரும் அந்தச் சத்தத்துக்குத்தான் மூச்சை அடக்கிக்கினு நின்னோம். நல்லா காதை வச்சிக் கேளு.

இப்படிக்கு
உன் அம்மா
பூமாலை தாண்டவராயன்