‘லீவு தள்ளு’வை எடுத்துவிட்டேன்

இன்று காலை என் மேசையிலிருந்த டப்பா மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தட்டையாகப் புதுசு வந்திருக்கிறது. பழையதை நகர்த்தியதும் சுவரோரத்திலிருந்து ஒரு காகித ஸ்பிரிங் கீழே விழுந்தது. பிரிண்டர் பேப்பரின் இரண்டு ஓரத்திலும் ஓட்டை ஓட்டையாகப் பட்டை வருமே, அதைக் கிழித்து, ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றி மடித்து நீ செய்வாயே, அது. பழுப்பேறி, தூசி அப்பிக் கிடந்தது. தூக்க வந்தவர் குப்பை என்று நினைத்துக் கையை நீட்டினார். “வைங்க அதை!” என்று நான் போட்ட சத்தத்தில் மனிதர் பயந்தே போனார்.

ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் ஒரு ஸ்பிரிங். மாற்றக் குறிப்பு அச்சாகி வந்ததும் பட்டையைக் கிழித்து மடித்து, என் மானிட்டர் தலையில் மாட்டிவிட்டு, “தோ, கொடி ஏத்தியாச்சு” என்பாய். நம் மொழிக்கு நடந்த விழா அவ்வளவுதான்.

மொழி என்று சொன்னால் ஊரில் வேறு மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். உன் அம்மாவே, “எம்பொண்ணு ஆபீஸ்ல புது பாஷை கண்டுபுடிக்கிறா” என்று காசிமேட்டில் மீன் விற்கிற இடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள். ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பின்னால், மாடியில், பத்துப் பேர்கூட இல்லாத கம்பெனி நம்முடையது. துறைமுகத்திலிருந்து சரக்கு எடுத்துக் கொடுக்கிற கிளியரிங் ஆபீஸ்களுக்காக நாம் செய்த குட்டிக் கம்ப்யூட்டர் மொழி அது. ‘சுக்கான்’ என்று பெயர், கப்பலைத் திருப்புகிற சுக்கான். கிளார்க்குகள் தங்களுக்கு வேண்டிய கணக்கைத் தாங்களே நாலு வரி எழுதி ஓட்டிக்கொள்ளலாம். ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும், ஆனால் சொற்கள் நம் சொற்கள். உள்ளே இருக்கிற இயந்திர வேலை என்னுடையது. பதிப்புக்குப் பதிப்பு எது மாறியது என்று எழுதிக் கொடுக்கிற வேலை உன்னுடையது.

எழுதிக் கொடுப்பதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் நான் முதலில் நினைத்தேன். கொருக்குப்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து இன்ஜினியரிங் முடித்து வந்த முதல் பெண் என்கிற திமிர் எனக்கு. நீ டைப் படித்து, டிகிரியைத் தபாலில் முடித்துவிட்டு வந்தவள். இதை உன்னிடம் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் உனக்குத் தெரியும். “மேடம் சொல்லட்டும், நாங்க எழுதிக்கிறோம்” என்று நீ கலாய்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே சுருக்கென்றுதான் இருக்கும்.

இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று உலகமே அலறிக்கொண்டிருந்த சமயம் ஞாபகம் இருக்கிறதா? வருஷத்துக்கு இரண்டு இலக்கம் போதாது, நான்கு வேண்டும் என்று மாற்றினேன். நான் அரைப் பக்கத்துக்கு விளக்கம் எழுதித் தந்தேன். நீ அதைப் படித்துவிட்டு, ஓரமாக வைத்துவிட்டு, ஒரே வரி எழுதினாய்: “வருஷத்துக்கு இனிமே நாலு நம்பர் போடு. ரெண்டு போட்டா மெஷின் ஓடாது, திட்டும்.” முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. பேச்சுத் தமிழில் கம்பெனிக் காகிதமா என்று கேட்டார். “சார், படிக்கப் போறது நீங்களா, அவுங்களா?” என்றாய். அப்படியே அச்சுக்குப் போனது.

புதுசு, மாறினது, எடுத்தது என்று தலைப்புகள் வைத்தாய். நான்காவதாக ஒன்று வேண்டியிருந்தது. ஒரு கட்டளை இப்போதைக்கு வேலை செய்யும், ஆனால் அடுத்தடுத்த பதிப்பில் போய்விடும், அதனால் புதிதாக யாரும் பயன்படுத்தக் கூடாது. அதற்கு என்ன பெயர் வைப்பது? நானும் முதலாளியும் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தோம். ‘வழக்கொழிந்தவை’ என்றேன் நான், பெரிய அறிவாளி மாதிரி. “ஐய, அதைப் படிச்சிட்டு எவன் எந்திரிப்பான்?” என்று சொல்லிவிட்டு நீ அடித்தாய்: “இருக்கு, ஆனா நம்பாதே.” கடைசிவரை அதுதான் நின்றது.

எழுதி முடித்ததும் நீ பாய்க்குப் போன் போடுவாய். பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஆபீஸில் சீனியர் கிளார்க்காக இருந்தாரே, அந்தப் பாய். நம் சுக்கானை முதலில் வாங்கிய ஆபீஸ் அது. குறிப்பை முழுக்க வாசித்துக் காட்டுவாய். அவர் சிரித்தால் போதாது, “ம்” கொட்டினால் போதாது. “எங்கே பாய், நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க” என்பாய். அவர் தப்பாகத் திருப்பிச் சொன்னால் தப்பு உன்னுடையது என்று வைத்துக்கொள்வாய். அந்த வரியை அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதுவாய். பாய்க்கும் அதில் ஒரு பெருமை. தன் ஆபீஸில், “நான் சரின்னு சொன்னாத்தான் அங்கே அச்சே போடுவாங்க” என்று உதார் விட்டுக்கொண்டிருந்தாராம்.

ஒருமுறை உனக்குத் தெரியாமல் ஒன்றை மாற்றினேன். எடையைப் போடாமல் விட்டால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்வதை நிறுத்தி, பிழை என்று காட்டும்படி செய்தேன். நல்ல மாற்றம்தான், இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் உன்னிடம் சொல்லவில்லை, சின்ன விஷயம்தானே என்று விட்டுவிட்டேன். மறுநாள் ஊர்ப்பட்ட ஆபீஸ்களில் கணக்கு ஓடாமல் நின்று, சாப்பாட்டு நேரம் பூராவும் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொருவரிடமும் நீதான், “எங்க தப்புதான் சார்” என்று கெஞ்சினாய். கடைசிப் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாய். “மாத்தினது தப்பில்ல. சொல்லாம மாத்தினே பாரு, அதான் கலீஜ் வேலை.” சோற்று டப்பாவை அப்படியே மூடி வைத்துவிட்டேன். அப்புறம் நீயே திறந்து, உன் வீட்டு நெத்திலி வறுவலை அதில் போட்டாய்.

அந்தச் சுக்கானுக்குள் நீ எழுதிய கட்டளை ஒன்றே ஒன்றுதான்: ‘லீவு தள்ளு’. கப்பலிலிருந்து இறங்கிய கன்டெய்னர் யார்டில் சில நாள் சும்மா கிடக்கலாம், அதற்கு மேல் கிடந்தால் வாடகை ஏறும். அந்தச் சும்மா நாட்களில் ஞாயிறும் விடுமுறையும் சேருமா சேராதா என்பதில்தான் கிளார்க்குகள் எல்லாரும் இடறி விழுவார்கள். ஒரு யார்டில் சேரும், பக்கத்து யார்டில் சேராது. யார்டு பெயரைக் கொடுத்தால் அதுவே பார்த்து லீவு நாட்களைத் தள்ளிவிட்டு எண்ண வேண்டும் என்று நீதான் யோசித்தாய். என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நீயே எழுதினாய். “இன்னாமே இது, இப்படி பேஜாரு பண்ணுது!” என்று கீபோர்டைத் தட்டித் தட்டி, ஒருநாள் சரியான விடை வந்ததும் எழுந்து நின்று கைதட்டினாய். “என் பேரு எங்கியும் வராது. ஆனா இது ஓடிக்கினே இருக்கும்ல?” என்று கேட்டாய். ஓடும் என்றேன்.

எல்லாருக்கும் அது செல்லப்பிள்ளை ஆகிவிட்டது. கிளார்க்குகள் விரல்விட்டு எண்ணுவதையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அது சரியாக ஓடியதற்குக் காரணம் நீ. ஒவ்வொரு பதிப்புக்கு முன்பும் திருவொற்றியூர், எண்ணூர் என்று ஒரு யார்டு விடாமல் போன் போட்டு, “ஞாயித்துக்கெழமைக்கு இன்னா கணக்கு? அப்படியே கீதா, மாத்திட்டீங்களா?” என்று கேட்டுக் கேட்டு உள்ளே திருத்துவாய். அதை யாரும் உனக்கு வேலையாகக் கொடுக்கவில்லை. எனக்கு அது வேலையாகவே தெரியவில்லை என்பதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டு ஆபீஸுக்கு வந்துகொண்டிருந்தாய். நாங்களும் வரவிட்டோம். ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோது உன் கண்ணைப் பார்க்கப் பயந்து கட்டில் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ விசாரித்தது ரிலீஸைப் பற்றி. அடுத்த வாரம் என்றேன். “நான் இங்க படுத்துக்கினு கீறேன். யார்டுக்கெல்லாம் யாரு போன் போடறது? அந்த லீவு தள்ளுவை எடுத்துரு. எடுக்க மனசு வரலன்னா ‘நம்பாதே’ல போடு. கேக்காம விட்டா அது பொய் சொல்லும்டி.” சரி என்றேன். “டபாய்க்காதே, திருப்பிச் சொல்லு” என்றாய். திருப்பிச் சொன்னேன்.

அந்த வாரமே உன்னைக் காசிமேட்டுக் கல்லறையில் வைத்துவிட்டு வந்தோம்.

குறிப்பு எழுத நான்தான் உட்கார்ந்தேன். புதுசு எழுதினேன், மாறினது எழுதினேன். உன் கட்டளையின் பெயரை டைப் அடித்து, பக்கத்தில் ‘நம்பாதே’ என்று போட வேண்டும். கை வரவில்லை. நீ செய்த ஒன்றே ஒன்று, நீ போன வாரமே அதைப் போய் நம்பாதே என்று எழுதுவதா? இருக்கட்டும் என்று விட்டேன். யார்டுகளுக்கும் போன் போடவில்லை. பாய்க்கும் வாசித்துக் காட்டவில்லை. உன் குரலில் கேட்டதை என் குரலில் எப்படிச் சொல்வது என்று ஒரு சாக்கு. பேப்பரை மட்டும் அனுப்பி வைத்தேன். பாசம் என்று நினைத்துக்கொண்டுதான் அத்தனையும் செய்தேன், நாசமாய்ப் போன பாசம்.

சில மாதம் கழித்துப் பாய் நம் மாடியேறி வந்தார். மூச்சு வாங்கியது. எண்ணூர்ப் பக்கம் ஒரு யார்டில் ஞாயிற்றையும் சேர்த்து எண்ண ஆரம்பித்திருக்கிறார்கள். நம் கட்டளை பழைய கணக்கையே சொல்லியிருக்கிறது. பாய் அதை நம்பி, இன்னும் நாள் இருக்கிறது என்று சரக்குக்காரப் பார்ட்டியிடம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருக்கிறார். பெரிய பார்ட்டி, வாடகை எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. ஆபீஸில் எல்லார் முன்னாலும் அவரைச் சீட்டிலிருந்து எழுப்பி, ஹார்பர் வாசலுக்குப் பேப்பர் தூக்குகிற வேலைக்குப் போட்டுவிட்டார்கள். நரைத்த தாடியோடு டிரெய்லர் லாரிகளுக்கு நடுவில் வெயிலில் நின்றுவிட்டு நேராக இங்கே வந்திருந்தார். சண்டைக்கு வரவில்லை. அதுதான் கொடுமை.

“உன்னைச் சொல்லலம்மா. அந்தப் பிள்ளதான் கடைசியா கேக்க மறந்துடுச்சு போல. உடம்பு முடியாத பிள்ள, பாவம். போய்ச் சேர்ந்ததைக் குத்தம் சொல்லி என்னா ஆவப்போவுது?” என்றார்.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் மறக்கவில்லை பாய், சொன்னாள், நான்தான் செய்யவில்லை. இவ்வளவுதான். அதை விட்டுவிட்டு டீ சொல்லி அனுப்பினேன். “பார்க்கிறேன் பாய்” என்றேன். அவர் குடித்துவிட்டுப் போனார். அன்றே அந்த ஒரு யார்டுக்கு மட்டும் ரகசியமாகக் கணக்கைத் திருத்தினேன். குறிப்பில் எழுதவில்லை. நீ எதைக் கலீஜ் வேலை என்றாயோ அதையே மறுபடி செய்தேன், அதுவும் உன் பெயரைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று. உன் கட்டளையை உயிரோடு வைத்தேன், உன்மேல் விழுந்த பழியையும் சேர்த்து வைத்தேன். உன் வேலையே சொல்வதுதான். அதில் நீ தவறிவிட்டாய் என்று ஒரு மனிதர் இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் எத்தனையோ பதிப்பு வந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் ‘எடுத்தது’ என்ற தலைப்பைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டு தாண்டினேன். இன்று அந்த ஸ்பிரிங்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புதுப் பதிப்பின் குறிப்பு பாதியில் நின்றிருந்தது. முதலில் கட்டளையை எடுத்தேன். அப்புறம் எழுதினேன், நீ எழுதுகிற மாதிரியே:

“எடுத்தது: லீவு தள்ளு. யார்டுக்கு யார்டு கணக்கு மாறிக்கினே இருக்கு. கேட்டுத் திருத்த எங்களால முடியல. அதனால எடுத்துட்டோம். இனிமே நாளை நீயே எண்ணு, யார்டுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டு எண்ணு. இதை எழுதினவ அப்பவே எடுக்கச் சொன்னா. எடுக்காதது நான்.”

கடைசி இரண்டு வரியை முதலாளி அடிக்கச் சொல்வார். அடிக்க மாட்டேன்.

பாய் இப்போது வேறொரு சின்ன ஆபீஸில், ராயபுரத்திலேயே இருக்கிறார். அங்கேயும் சுக்கான்தான். போன் போட்டேன். நீ வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். முடித்தபோது அந்தப் பக்கம் லாரி ஹாரன் கேட்டது.

“அப்போ அந்தப் பிள்ள மறக்கலயா?” என்றார்.

“மறக்கல பாய். ஆஸ்பத்திரியில படுத்துக்கினு சொன்னா. நான்தான்…”

“அல்லா. நான் அதும்மேல இல்ல பழியைப் போட்டுக்கினு இருந்தேன்!”

என்னை அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் கேட்காமலே, குறிப்பை முதல் வரியிலிருந்து திருப்பிச் சொல்ல ஆரம்பித்தார். “இதை எழுதினவ அப்பவே எடுக்கச் சொன்னா” என்ற இடத்தில் நின்றார். அந்த வரியை மட்டும் இன்னொரு தரம் சொன்னார்.

குறிப்பு அச்சாகி வந்துவிட்டது. பட்டையைக் கிழித்து மடித்துப் பார்த்தேன், கோணலாகத்தான் வருகிறது. தட்டை மானிட்டரில் மாட்டவும் இடமில்லை. மேசைமேல் வைத்துவிட்டு அடுத்த ஆபீஸுக்கு நம்பரை அழுத்துகிறேன். சுக்கான் ஓடுகிற ஒவ்வொரு ஆபீஸுக்கும் நானே வாசித்துக் காட்டப் போகிறேன். அந்த வரியை ஒவ்வொருவரும் திருப்பிச் சொல்கிறவரை போனை வைக்க மாட்டேன்.