மருந்துவாழ்மலையில் சுளுக்கிய கால்

மாப்ள,

நேற்று திருமங்கலத்திலிருந்து வரும் பேருந்தில், பக்கத்து இருக்கை அம்மாள் முழங்காலுக்கு நீலகிரித் தைலம் தேய்த்தார். அந்த நெடி மூக்கில் ஏறியதும், நீ எங்களை விட்டுப் போய் மூன்று மாதமாக வராத அழுகை வந்துவிட்டது.

"கண்ணு எரியுதா அண்ணே? சன்னலத் தொறந்து விடவா?" என்று பதறினார். தலையை மட்டும் ஆட்டினேன்.

எழுபதுகளின் கடைசி. ஆனி மாதம். நீயும் நானும் சாயப்பட்டறைக்காரர் மகன் பாண்டுவும் நாலு நாள் லீவு போட்டுக் கன்னியாகுமரி போனோம். கடலோரம் ஒரு நாள், மலை ஒரு நாள், எல்லாம் கால்நடையாகவே என்று திட்டம் போட்டவன் நான். கீழக்குயில்குடி மலையில் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவேன் என்று பீற்றிக்கொண்டவனும் நானே. அடிவாரத்தைத் தாண்டியதில்லை என்பது உனக்குக்கூடத் தெரியாது.

முதல் நாள் மணக்குடி வரை கடலை ஒட்டி நடந்தோம். மதுரை வெயிலில் காய்ந்த நமக்கு அந்த வானம் பிடிபடவே இல்லை. சட்டையைக் கழற்றித் தோளில் போட்டால் தூறும். ஓடிப்போய்ப் பனையடியில் ஒண்டினால் வெயிலடிக்கும். பாண்டு வானத்தைப் பார்த்துத் தன் வீட்டுச் சௌராஷ்டிர மொழியில் திட்ட, நீ அர்த்தம் கேட்டு நச்சரித்தபடியே வந்தாய்.

மறுநாள் மருந்துவாழ்மலை. படி முடிந்து பாறை தொடங்கிய இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. மேகம் இறங்கி, முன்னால் போன பாண்டுவை மறைத்தது. பிறகு சட்டென்று விலகியது. என் காலடியில் பாறை சரிந்து இறங்க, வெகு கீழே தென்னந்தோப்பு, அதற்கப்பால் கடல். பாறையைப் பற்றிய கை விடவில்லை. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

நீ திரும்பி வந்தாய். முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாய்.

"பாண்டுகிட்ட சொல்லிராதடா" என்றேன். விழுந்துவிடுவேன் என்பதைவிட அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஈரப்பாறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து மேலே பார்த்துக் கத்தினாய். "டேய் பாண்டு! இடது கால் சுளுக்கிக்கிச்சுடா. என்னால முடியல. எறங்கு, போவோம்!"

பிறகு என்னிடம் மெதுவாக, "கீழ பாக்காத மாப்ள. என் முதுகையே பாத்துட்டு வா. வழுக்குனா என் மேலதான் விழுவ. அம்புட்டுத்தான்" என்றாய்.

இறங்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. உச்சி கொஞ்ச தூரம்தான் இருந்தது என்று பாண்டு வழியெல்லாம் முணுமுணுத்தான். சாயங்காலம் அறையில் நீலகிரித் தைலம் வாங்கி வந்து, ஒன்றுமே ஆகாத அந்தக் காலை அழுத்தி அழுத்தித் தேய்த்தான். நீ பல்லைக் கடித்து முனகினாய். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அதன் பின் எங்கே போகலாம் என்று பேச்செடுத்தாலும், "இவன் வேணாம்ப்பா, பாதியில நொண்டுவான்" என்பான் பாண்டு, உன்னைக் காட்டி. உன் கல்யாணத்தில் சொன்னான். உன் மகள் கல்யாணத்திலும் சொன்னான். நீ சிரிப்பாய், என் பக்கம் பார்க்கவே மாட்டாய். எத்தனையோ முறை வாயெடுத்தேன். சொல்லவில்லை.

நேற்று பேருந்திலிருந்து இறங்கி நேரே பாண்டு வீட்டுக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஒரு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டான்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்டா. இடது கால்ல தைலம் தேச்சு விட்டேன். மறுநாள் பஸ் ஏறுறப்ப வலது கால நொண்டுறான்."

"அப்புறம் எதுக்குடா இத்தன வருசம் அவனக் கேலி பண்ணுன?"

"நிறுத்தியிருந்தா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நீ கண்டுபிடிச்சிருப்பியே."

அப்போதுதான் உட்கார்ந்தேன்.

"இப்பவும் பயமா?" என்று கேட்டான்.

"ஆமாடா. மொட்டை மாடி ஓரத்துக்குக்கூடப் போனதில்ல."

அவன் சிரிக்கவில்லை. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருடம் என்றிருந்தது. உன் மகள் கல்யாணப் பந்தியில், நீ இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே இதை எழுந்து சொல்லியிருக்கலாம். அது மட்டும் உறுத்துகிறது மாப்ள. உறுத்தட்டும்.