சாத்தாத ஊர்க்கதவு

சித்தார்த்,

நீ தூங்குறே, எழுப்பல. ஹாட்பாக்ஸ்ல சித்ரான்னம் இருக்கு, தயிர் ஃப்ரிட்ஜ்ல. சிலிண்டர் பத்து மணிக்கு வரும்.

"நான் எப்ப வீட்டுக்கு வர்றேன்னுகூட உனக்குத் தெரியாது, கேம்ல கட்டுற ஊருதான் பெருசு"ன்னு நேத்து கத்தினேன் இல்ல? இப்ப லேப்டாப்பை மூடப் போனா உன் ஊர் ஓடிட்டிருந்துச்சு. இங்க விடியுது, அங்க பொழுது சாயுது. கிணறு, சந்தை, சத்திரம், மணிக்கூண்டு எல்லாம் பனியில மிதக்குற மாதிரி இருந்துச்சு. கோட்டைக் கதவு மட்டும் திறந்தே கிடக்க, ஓநாய் வந்து ஒரு ஆட்டைத் தூக்கிட்டுப் போச்சு. நீ மறந்துட்டேன்னு நெனச்சு நானே சாத்தினேன்.

கொஞ்ச நேரத்துல காட்டுலேர்ந்து விறகோட ஒருத்தி வந்து வெளியில நின்னா. அவ மேல க்ளிக் பண்ணிப் பார்த்தேன், பேர் யாமினின்னு வந்துச்சு. ஊர்ல கடைசியா வீடு திரும்புறவ அவதான்னும் போட்டிருந்துச்சு. அவளுக்காகத்தான் சாத்தாம வச்சிருக்கே.

திறந்துவிட்டேன். அவ வீடு போய்ச் சேர்ற வரைக்கும் பார்த்துட்டே இருந்தேன். கீழே கேப்காரர் ஹாரன் அடிச்சிட்டே இருக்கார்.

யாமினி

பி.கு.: சாயந்தரம் ஏழு மணிக்கு வந்துடுவேன். என் சாவியை ஆணியிலேயே விட்டுட்டுப் போறேன். நீ வந்து கதவைத் திற.