புகையோடு நீ போட்ட சண்டை

இன்று காலை எதிர்மலை தெரியவில்லை. பனி என்றுதான் முதலில் நினைத்தேன். வெயில் ஏறியும் அது கலையவில்லை. சாம்பல் நிறத்தில் பள்ளம் முழுக்க நிறைந்து கிடந்தது. வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். விறகுப் புகையில்லை, நம் தோட்டத்தில் எரிந்த எதுவும் இல்லை. எங்கேயோ எரிந்து, வெகுதூரம் வந்து களைத்துப்போன ஒரு வாடை.

பக்கத்து வீட்டுத் தம்பி போனைப் பார்த்துச் சொன்னான்: "கடலுக்கு அந்தப் பக்கமிருந்து காத்துல வருதாம் மாமா. கொழும்புலயும் இப்படித்தானாம். இப்பெல்லாம் வருசா வருசம் வருதே."

உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய பிறகுதான் அது உன் வேலை என்பது நினைவுக்கு வந்தது.

நம் கல்யாணத்தின்போது நான் ஏற்கெனவே புகைக்கூடத்து ஆள். ரப்பர் பாலை உறையவைத்து, தகடாக அழுத்தி, மூங்கில் கழிகளில் வரிசையாகத் தொங்கவிட்டுப் புகை போடுவோம். அடுப்பு அணையக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. நீ பிள்ளைக் காம்பராவில் பிள்ளை பார்க்கும் வேலையில் இருந்தாய். பால் வெட்டப் போகும் தாய்மார் விடியும்போதே பிள்ளைகளைக் கொண்டுவந்து உன்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். மேட்டில் என் புகைக்கூடம், அதற்கு நேர் கீழே உன் காம்பரா. கட்டியவன் யாரோ, அதை யோசிக்கவில்லை.

என் சட்டைக்கு எத்தனை சவர்க்காரம் போட்டாலும் வாடை போகாது. "ஒங்களக் கட்டிக்கிட்டேனா, அந்தக் கூடத்தக் கட்டிக்கிட்டேனான்னு தெரியல," என்பாய். சிரித்துக்கொண்டுதான் சொல்வாய். மாலையில் நான் வருமுன் ஜன்னலைச் சாத்தி, வெந்நீர் போட்டு வைத்திருப்பாய்.

காம்பராப் பிள்ளைகளின் இருமலைப் பற்றி நீ பேசத் தொடங்கியபோது அந்தச் சிரிப்பு இல்லை. காலையில் புகை மேலே எழும்பாது. குளிரில் கனத்து, சரிவில் இறங்கி, உன் காம்பரா வாசலில் வந்து படுத்துக்கொள்ளும். நீ பழைய சேலைகளைக் கிழித்து நனைத்து ஜன்னல்களில் தொங்கவிட்டாய். சாயங்காலம் அவற்றைப் பிழிந்தால் தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் வரும். கங்காணியிடம் சொன்னாய், மருந்துக்காரரிடம் சொன்னாய். மழைக் காலத்தில் எல்லாப் பிள்ளையும் இருமத்தான் செய்யும் என்றார்கள்.

பிறகு, பால் வெட்டும் செல்வியின் குழந்தைக்கு மூச்சு முட்டிய நாள் வந்தது. பால் குடித்துவிட்டுத் தூங்கிய பிள்ளைக்கு உதடு நீலமாகிவிட்டது. நீ அதைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாய். செருப்பு எங்கே விழுந்ததோ. எதிரே வந்த தோட்டத்து லொறியை மறித்து, புளத்கொகுபிட்டிய ஆஸ்பத்திரிக்குப் போனாய். பிள்ளை பிழைத்தது. நீ திரும்பி வந்தபோது உன் கால் விரல்களில் ரத்தம். கழுவச் சொன்னேன். நீ காதில் வாங்கவில்லை.

"நாளைக்குப் புள்ளைங்கள ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"எதுக்கு?"

"அங்கதான் நல்ல காத்து இருக்கு."

"என் வேலைக்கு ஒலை வச்சிராத புள்ள. அந்த அடுப்பு நின்னா நாம என்னத்தத் திங்கிறது?"

"ஒங்க வேலையும் இருக்கட்டும், புள்ளைங்களும் இருக்கட்டும். ரெண்டுல ஒண்ணுன்னு நான் சொன்னேனா?"

மறுநாள் சொன்னபடியே செய்தாய். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, நடக்கத் தெரிந்தவை உன் சேலையைப் பிடித்தபடி. விஷயம் தெரிந்து பின்னாலேயே தாய்மாரும் வந்தார்கள். ஆபீஸ் வராந்தாவில் பாயை விரித்துப் பிள்ளைகளைப் படுக்கவைத்தாய். தோட்டத்து மேனேஜர் துரை வெளியே வந்தார். சிங்களத்தில் அவரிடம் அமைதியாகச் சொன்னாய்: "மஹத்தயா, இன்னையிலிருந்து இவுங்க இங்கேயே தூங்கட்டும்."

துரைக்குக் கோபம் வந்தது. உன் புருஷன் யார் என்று கேட்டார். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கரி படிந்த கையோடு போய் நின்றேன்.

"உன் பெண்சாதி சொல்வது உண்மையா? புகை அங்கே போகிறதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீ மட்டும் பார்க்கவில்லை. ஒரு குழந்தைக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாய். என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்தாயோ என்னவோ.

"போகுதுங்க," என்றேன்.

வேலை போய்விடும் என்றே நினைத்தேன். போகவில்லை. சில நாட்கள் துரை என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். அந்த மாதம் முடிவதற்குள், ஆளில்லாமல் கிடந்த பழைய கிளார்க் வீட்டைப் பிள்ளைக் காம்பராவாக மாற்றிக் கொடுத்தார்கள். அது புகைக்கூடத்துக்கும் மேலே, காற்றோட்டமான இடம். நீ சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டே பாடினாய். நீ பாடி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

காலம் போனது. தகடு போடுவது குறைந்து, பாலாகவே பவுசர் லொறியில் ஏற்றிப் போகத் தொடங்கினார்கள். ஒருநாள் அடுப்பை அணைக்கச் சொன்னார்கள். எனக்கு வேலிக் காவல் கொடுத்தார்கள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. நீ என் தோளில் முகத்தை வைத்து, "இப்பத்தான் மனுசன் வாசன வருது," என்றாய். அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் கொடியில் காயும் துணிகூட வெயில் மணத்தது. மகன் அவிசாவளையில் வேலைக்குச் சேர்ந்து காஸ் அடுப்பு வாங்கிவந்தான். லயத்து வரிசை வீடுகளில் ஒவ்வொன்றாகக் காஸ் வந்தது. கூரைகளுக்கு மேலே புகையில்லாத ஒரு காலையைக் காட்டி, "பாருங்க, ஊரே குளிச்சிட்டு நிக்கிற மாதிரி இருக்கு," என்று சொன்னாய்.

நாடு முழுக்கக் காஸ் கிடைக்காமல் போன அந்த வருடம் விறகடுப்பு திரும்பி வந்தது. வெறும் சிலிண்டர்களை ரோட்டோரம் வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருந்தோம். லயம் முழுக்க மறுபடியும் புகை. நீ அடுப்பை வெளியே தகரக் கொட்டகைக்கு மாற்றினாய். ஆனாலும் உன் நெஞ்சு தாங்கவில்லை. பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்க நிறுத்துவாய். மாடிப்படியில்லாத நம் லயத்திலும் உனக்கு ஏறுவதற்கு ஏதோ இருந்ததுபோல் இளைப்பு வந்தது.

கேகாலை ஆஸ்பத்திரியில் டொக்டர், வீட்டில் விறகடுப்பா என்று கேட்டார். நீ மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னாய்: "அடுப்பு ரெண்டுங்க. ஒண்ணு கொட்டகையில. இன்னொண்ணு இந்தா நிக்குது." என்னைக் காட்டினாய். டொக்டர் சிரித்தார், தாதி சிரித்தாள், நானும் சிரித்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டேன். உன் நெஞ்சில் இருந்தது எந்தப் புகை என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? நான் கேட்டபோது, "எல்லாந்தான் போங்க. அதுக்காக வாழாமயா இருந்தோம்?" என்றாய். அந்த மழைக்காலம் முடியுமுன் நீ போய்விட்டாய்.

இன்று ஜன்னலைச் சாத்திய பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. மெதுவாகப் பிள்ளைக் காம்பராவுக்கு ஏறிப் போனேன். இப்போது அங்கே இருப்பது வேறு தோட்டத்திலிருந்து வந்த பெண். நம்மை அவளுக்குத் தெரியாது. பிள்ளைகள் முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னைக்கு இதுகள உள்ளேயே வச்சுக்கம்மா. இந்தக் காத்து நல்லதில்ல."

"யாருங்க தாத்தா சொன்னது? ஆபீசுலயா?"

"இல்லம்மா. எங்க வீட்டுல சொன்னாங்க."

அவள் மலையிருந்த பக்கம் பார்த்தாள். பிறகு கையைத் தட்டிப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். கடைசிப் பிள்ளையும் உள்ளே போன பின் கதவருகே நின்று சொன்னாள்: "உள்ள வச்சுக்கிட்டேன்னு பாட்டிகிட்ட சொல்லிருங்க தாத்தா."

சரியென்று தலையாட்டிவிட்டு வந்தேன். அதைத்தான் எழுதுகிறேன், புள்ள. பிள்ளைகள் எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள்.