கோணல் தையல்

2006 நவம்பர் 14, செவ்வாய்

எங்கள் வாடிக்கையாளரான கர்க்லாண்ட் மதாம், தைக்கத் தந்திருந்த தன் நீல ஆமிஷ் போர்வையைத் திரும்ப வாங்க இன்று எங்கள் தையல்கடைக்கு வந்தார். மின்சாரம்கூட இல்லாமல் பழைய முறையில் வாழும் ஆமிஷ் மக்களின் ஊரில், அவர் பிறந்த இடத்தில், ஆறு பெண்கள் ஒரே மரச்சட்டத்தைச் சுற்றியிருந்து கையால் தைத்தது. கிழிந்த ஓரத்தைத் தைக்கத்தான் தந்திருந்தார். ஒரு மூலையில் தையல் கோணலாக ஓடியதால், நானாகவே அதைப் பிரித்து நேராகத் தைத்திருந்தேன்.

அவர் அந்த மூலையைத் தடவிக்கொண்டே நின்றார். கண் மங்கிய காலத்தில் அவருடைய அம்மா தைத்ததாம். மற்றப் பெண்கள் அதைத் தொடவேயில்லையாம்.

"பழைய ஊசித்துளை எல்லாம் இன்னும் தெரியுது. அதுக்குள்ளாலயே திருப்பித் தையும்," என்றார் என்னோடு வேலை செய்யும் மலர் அக்கா.

மதாமிடம் இன்னும் ஒரு நாள் அவகாசம் கேட்டு வாங்கினேன்.

கண்ணை மூடினால், நீலப் பனியில் யாரோ தட்டித் தடவி நடந்துபோன காலடிகளாக அந்தத் துளைகள் தெரிகின்றன. நாளை என் ஊசி அந்த அம்மாவின் பின்னாலேயே போகவேண்டும். என் கைக்கோ நேராகப் போகத்தான் தெரியும்.